அலாய் வீல் மாத்தப் போறீங்களா? டிசைனுக்கு முன்னாடி இந்த ஒரு எண்ணைப் பாருங்க!

முதல் கார் வாங்கி, இரண்டு மூன்று இஎம்ஐ கட்டி முடித்ததும் பலருக்கும் வருகிற அடுத்த ஆசை, அலாய் வீல். பேஸ் வேரியன்ட்டோடு வந்த ஸ்டீல் வீலையும் பிளாஸ்டிக் வீல் கப்பையும் கழற்றிவிட்டு, 16 இன்ச் அலாய் போட்டால் காரின் தோற்றமே மாறிவிடும். அதில் தப்பு எதுவும் இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பெங்களூரு ஜே.சி. ரோடு, டெல்லி கரோல் பாக் என எந்த ஊர் கார் மார்க்கெட்டுக்குப் போனாலும் கடை வாசலிலேயே வரிசையாகத் தொங்குகின்றன.

அங்கே நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "என் காருக்கு இது செட் ஆகுமா?" வழக்கமான பதில், "போல்ட் ஓட்டை சேருது சார், பக்காவா உட்காரும்." அந்தப் பதில் பொய் இல்லை. ஆனால் பாதி பதில்தான். போல்ட் சேர்வது வேறு. மாட்டிய பிறகு அந்த வீல் சரியான இடத்தில் நிற்பது வேறு. அந்த இரண்டாவது விஷயத்தை முடிவு செய்கிற எண்ணுக்குப் பெயர்தான் ஆஃப்செட்.

இந்த எண் தவறினால் டயர் மட்கார்டில் உரசலாம், பேரிங் சீக்கிரம் போகலாம், அவசரமாக பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கலாம். நல்ல செய்தி என்னவென்றால், இதைச் சரிபார்க்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. மொபைலில் இருக்கும் கால்குலேட்டரும் ஐந்து நிமிடமும் போதும்.

ஆஃப்செட் என்றால் என்ன?

காரிலிருந்து கழற்றிய ஒரு வீலை நேராக நிறுத்தி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கோடு போடுங்கள். அதுதான் வீலின் மையக்கோடு. இப்போது வீலின் பின்பக்கம் பாருங்கள். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி, காரின் ஹப் மீது போய் ஒட்டி உட்காரும் தட்டையான பரப்பு ஒன்று இருக்கும். மையக்கோட்டிலிருந்து இந்தப் பரப்பு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட்.

அந்தப் பரப்பு மையக்கோட்டிலிருந்து சாலைப் பக்கமாக, அதாவது வெளிப்பக்கமாகத் தள்ளி இருந்தால் அது பாசிட்டிவ் ஆஃப்செட். வீலின் பெரும்பகுதி மட்கார்டுக்கு உள்ளே ஒடுங்கி நிற்கும். இன்றைக்கு நாம் ஓட்டும் ஹேட்ச்பேக், செடான், காம்பேக்ட் எஸ்யூவி எல்லாமே பெரும்பாலும் இந்த வகைதான்.

பரப்பும் மையக்கோடும் ஒரே இடத்தில் இருந்தால் ஜீரோ ஆஃப்செட். பரப்பு மையக்கோட்டைத் தாண்டி காரின் உள்பக்கமாக இருந்தால் நெகட்டிவ் ஆஃப்செட். இதில் வீல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கிண்ணம் போலக் குழிந்த 'டீப் டிஷ்' தோற்றம் பெரும்பாலும் ஆஃப்செட் குறைந்த வீல்களில்தான் கிடைக்கும். சமூக வலைதளங்களில் பார்க்கும் மாடிஃபைடு கார்கள் பலவும் அந்தத் தோற்றத்துக்காகத்தான் ஆஃப்செட்டைக் குறைக்கின்றன.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: எண் குறையக் குறைய வீல் வெளியே வரும், எண் கூடக் கூட வீல் உள்ளே போகும்.

எல்லாக் காருக்கும் பொருந்தும் 'நல்ல ஆஃப்செட்' என்று ஒன்று கிடையாது. மாருதி சுஸுகி ஜிம்னியின் கம்பெனி வீலில் ஆஃப்செட் வெறும் 5 மி.மீ. முன்சக்கர இழுவையில் ஓடும் ஹேட்ச்பேக்குகளில் அது 40, 45, 50 என்று இருக்கும். இரண்டுமே சரிதான். ஹப், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாவற்றையும் எந்த எண்ணை வைத்து டிசைன் செய்தார்களோ, அதுதான் அந்தக் காருக்குச் சரியான எண்.

வீலில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

வீலின் பின்பக்கத்திலோ, ஸ்போக்கின் உள்பக்கத்திலோ சில எண்கள் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். உதாரணத்துக்கு 16×6.5ஜே, ஈடி45, 5×114.3, சிபி 67.1 என்று இருந்தால் அதன் அர்த்தம் இதுதான்.

- 16: வீலின் விட்டம், இன்ச்சில்.
- 6.5ஜே: ரிம்மின் அகலம், இன்ச்சில். டயர் உட்காரும் இரண்டு விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம் இது. வீலை வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்தால் ஏறக்குறைய ஒரு இன்ச் கூடுதலாக வரும். 'ஜே' என்பது விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து.
- ஈடி45: இதுதான் ஆஃப்செட். பாசிட்டிவ் 45 மி.மீ. ஜெர்மன் மொழியில் இதற்கான சொல்லின் சுருக்கம்தான் 'ஈடி'. சில வீல்களில் வெறும் +45 என்றோ, 'ஆஃப்செட் 45' என்றோ இருக்கும்.
- 5×114.3: பிசிடி. ஐந்து போல்ட், அவற்றின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் 114.3 மி.மீ.
- சிபி 67.1: சென்டர் போர். வீலின் நடுவில் உள்ள ஓட்டையின் விட்டம், மி.மீ.-ல்.

சில வீல்களில் ஆஃப்செட் பதிந்திருக்காது. அப்போது நீங்களே அளந்துவிடலாம். டயர் இல்லாத வீலைக் கவிழ்த்து, பின்பக்க விளிம்பின் மேல் குறுக்காக ஒரு நேரான கம்பியையோ ஸ்கேலையோ வையுங்கள். அங்கிருந்து ஹப் உட்காரும் பரப்பு வரை உள்ள ஆழத்தை அளங்கள். இதற்கு பேக்ஸ்பேசிங் என்று பெயர். அதிலிருந்து வீலின் முழு அகலத்தில் பாதியைக் கழித்தால் வருவது ஆஃப்செட். ஆழம் 140 மி.மீ., விளிம்புக்கு விளிம்பு முழு அகலம் 190 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 140-லிருந்து 95 போக 45. அவ்வளவுதான்.

சரி, கணக்கு போட்டுப் பார்ப்போமா?

உங்கள் காரில் இப்போது இருப்பது 15×6ஜே வீல், ஈடி45, டயர் 185/65 ஆர்15 என்று வைத்துக்கொள்வோம். கடையில் உங்களுக்குப் பிடித்துப்போனது 16×7ஜே, ஈடி35. அதற்கு 205/55 ஆர்16 டயர் போடலாம் என்கிறார்கள். வெறும் 10 எண்தானே குறைகிறது என்று தோன்றும். பார்க்கலாம்.

ஒரு இன்ச் 25.4 மி.மீ. ரிம் அகலத்தை மி.மீ.-க்கு மாற்றி, பாதியாக்குங்கள். அந்தப் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால், ஹப்பிலிருந்து உள்பக்கம் வீல் எவ்வளவு போகிறது என்று கிடைக்கும். பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால், வெளிப்பக்கம் எவ்வளவு வருகிறது என்று கிடைக்கும்.

பழைய வீல்: 6 இன்ச் என்றால் 152.4 மி.மீ., பாதி 76.2.
உள்ளே: 76.2 + 45 = 121.2 மி.மீ.
வெளியே: 76.2 − 45 = 31.2 மி.மீ.

புது வீல்: 7 இன்ச் என்றால் 177.8 மி.மீ., பாதி 88.9.
உள்ளே: 88.9 + 35 = 123.9 மி.மீ.
வெளியே: 88.9 − 35 = 53.9 மி.மீ.

உள்பக்கம் 2.7 மி.மீ. மட்டும் கூடியிருக்கிறது. ஆனால் வெளிப்பக்கம் 22.7 மி.மீ. வந்துவிட்டது! ஆஃப்செட்டில் 10 குறைந்தது, அகலத்தில் ஒரு இன்ச் கூடியது. இரண்டும் ஒரே பக்கமாகச் சேர்ந்ததால் வந்த விளைவு இது. அதனால்தான் ஆஃப்செட்டைத் தனியாகப் பார்க்கக் கூடாது, அகலத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அதே காருக்கு 16×6.5ஜே, ஈடி45 வீலை எடுத்துக்கொள்ளுங்கள். 6.5 இன்ச் என்றால் 165.1 மி.மீ., பாதி 82.55.
உள்ளே: 127.55 மி.மீ.
வெளியே: 37.55 மி.மீ.

இரண்டு பக்கமும் ஏறக்குறைய 6.4 மி.மீ. மட்டுமே கூடுகிறது. வீலின் மையக்கோடு கம்பெனி வைத்த இடத்திலேயே நிற்கிறது. தோற்றம் மாறும், ஆனால் காரின் குணம் பெரிதாக மாறாது.

டயரையும் சேர்த்துப் பாருங்கள்

உரசப் போவது பெரும்பாலும் ரிம் இல்லை, டயர். அதற்கும் இதே கணக்குதான். டயரில் எழுதியிருக்கும் முதல் எண் அதன் அகலம், மி.மீ.-ல். 185-ல் பாதி 92.5, 205-ல் பாதி 102.5. ஈடி45-ல் 185 டயர் வெளிப்பக்கம் 47.5 மி.மீ. வரை வரும், ஈடி35-ல் 205 டயர் 67.5 மி.மீ. வரை வரும். 20 மி.மீ. வித்தியாசம். உள்பக்கம் மட்டும் இரண்டுக்கும் அதே 137.5 மி.மீ. டயரின் அகலம் அது உட்காரும் ரிம்மைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஆனாலும் மதிப்பிட இது போதும்.

அடுத்து விட்டம். 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. 205/55 ஆர்16-ன் விட்டம் 631.9 மி.மீ. 195/55 ஆர்16 எடுத்தால் 620.9 மி.மீ., அதாவது ஒரிஜினலைவிட 0.6 மி.மீ. மட்டுமே குறைவு. ஸ்பீடோமீட்டர், கிலோமீட்டர் கணக்கு எல்லாம் இந்த விட்டத்தை நம்பித்தான் ஓடுகின்றன. 205 டயரில் பழைய அமைப்பில் 100 காட்டிய அதே நேரத்தில் வண்டி ஏறக்குறைய 101.7 கி.மீ. வேகத்தில் போகும். பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் 5 மி.மீ. உயரமும் 20 மி.மீ. வெளிநீட்டமும் சேரும்போது மட்கார்டுக்குக் கீழே இருந்த இடைவெளி வேகமாகக் காலியாகும்.

வெளியே வந்தால் என்ன ஆகும்?

கடை வாசலில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் லக்கேஜ், வேகத்தடை என்று மூன்றும் சேரும்போதுதான் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும். அப்போது டயரின் தோள்பகுதி மட்கார்டின் விளிம்பில் உரசும். விளிம்பு தகடு என்பதால் டயரைச் சீவிவிடும். முன்வீலில் இன்னொரு சிக்கல்: முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டயரின் மூலை பம்பரின் பின்பக்கத்தையும் பிளாஸ்டிக் லைனரையும் தொடும். யூ-டர்ன் எடுக்கும்போது 'கர்ர்ர்' என்று சத்தம் வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

மட்கார்டைத் தாண்டி டயர் வெளியே நின்றால், மழைக்காலத்தில் சேறும் சிறு கல்லும் உங்கள் கதவிலேயே தெறிக்கும். பக்கத்தில் வரும் பைக்காரர் மேலும் தெறிக்கும்.

உள்ளே போனால்?

ஆஃப்செட்டைக் கூட்டினால், அல்லது ஆஃப்செட்டை மாற்றாமல் மிக அகலமான ரிம் போட்டால், டயர் உள்பக்கமாக சஸ்பென்ஷனை நெருங்கும். முன்பக்கம் ஷாக் அப்சார்பர் குழாயும் ஸ்பிரிங் தட்டும் இருக்கின்றன. டயரின் பக்கச்சுவர் அதில் உரசினால் வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது. இருப்பதிலேயே ஆபத்தான உரசல் இதுதான். பக்கச்சுவர் டயரின் மெலிதான பகுதி. உரசி உரசிச் சூடாகி, நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிக்க வாய்ப்பு உண்டு.

வாங்கும் முன் ஒரு எளிய சோதனை: இப்போது இருக்கும் டயரின் உள்பக்கத்துக்கும் ஷாக் அப்சார்பருக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். கணக்கில் வந்த கூடுதல் மி.மீ.-ஐ அதிலிருந்து கழியுங்கள். மீதி ஒரு பென்சில் நுழையும் அளவுக்காவது இருக்கட்டும். அதற்கும் குறைந்தால் அந்த வீல் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத விளைவுகள்

எங்கேயும் உரசவில்லை என்றால் பிரச்னை முடிந்ததா? இல்லை. இன்னும் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, பேரிங். ஒரு பக்கெட் தண்ணீரை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். அடுத்து, கையை நீட்டிக்கொண்டு தூக்கிப் பாருங்கள். பக்கெட்டின் எடை மாறவில்லை, ஆனால் தோளுக்கு வலிக்கும். வீல் வெளியே போகும்போது ஹப் பேரிங்குக்கு நடப்பதும் அதேதான். காரின் எடை அதேதான், ஆனால் நெம்புகோல் நீளமாகிவிட்டது. ஒவ்வொரு குழியிலும் அந்தக் கூடுதல் சுமை பேரிங் மேலும் பால் ஜாயின்ட் மேலும் விழுகிறது. வேகம் ஏற ஏற 'ஊஊம்' என்று ஒரு முனகல் சத்தம் கேட்க ஆரம்பித்தால் அது பேரிங் தேய்வதன் அடையாளமாக இருக்கலாம்.

இரண்டாவது, ஸ்டீயரிங். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்வீல் ஒரு கற்பனையான அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சைக் கீழே நீட்டினால் தரையில் ஒரு புள்ளியில் வந்து தொடும். டயர் தரையைத் தொடும் பரப்பின் நடுப்புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். கதவை கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். தூரம் கூடினால் அதே விசைக்கு அதிகமாகத் திரும்பும்.

முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் இந்தத் தூரத்தை மிகச் சிறியதாகவோ நெகட்டிவாகவோ வைத்திருப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. இடதுபக்க வீல்கள் மணலிலோ தேங்கிய நீரிலோ, வலதுபக்க வீல்கள் காய்ந்த தாரிலோ இருக்கும்போது நீங்கள் திடீரென்று பிரேக் அடித்தால், பிடிப்பு அதிகமுள்ள பக்கம் கார் இழுக்கும். ஸ்க்ரப் ரேடியஸ் நெகட்டிவாக இருந்தால், வீல் தானாகவே எதிர்ப்பக்கம் லேசாகத் திரும்பி அந்த இழுப்பைக் குறைக்கும். ஆஃப்செட்டை 15, 20 மி.மீ. குறைத்தால் டயர் அந்த அளவு வெளியே நகர்ந்து, இந்த ஏற்பாடு கெட்டுப்போகும். இழுப்பைக் குறைக்க வேண்டிய அமைப்பு இழுப்பைக் கூட்ட ஆரம்பிக்கும். குழியில் ஒரு வீல் விழுந்தால் ஸ்டீயரிங் கையில் உதறும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒரு பக்கம் லேசாக இழுக்கும்.

வீல் அலைன்மென்ட் செய்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. அலைன்மென்ட் வீலின் கோணத்தைச் சரிசெய்யும். வீல் நிற்கும் இடத்தை மாற்றாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆஃப்செட் குறைந்தால் இரண்டு வீல்களுக்கும் இடையிலான அகலம் கூடும். 10 மி.மீ. குறைத்தால் ஒரு ஆக்ஸிலில் மொத்தம் 20 மி.மீ. கூடும். வளைவில் கார் கொஞ்சம் நிலையாக இருப்பது போலத் தெரியும். அது உண்மைதான். ஆனால் அதற்கு விலை மேலே சொன்ன இரண்டும்.

எவ்வளவு வரை மாத்தலாம்?

ரிம் அகலம் மாறாமல் இருந்தால், ஒரிஜினல் ஆஃப்செட்டிலிருந்து 5 மி.மீ. வரையிலான மாற்றம் பொதுவாகப் பெரிய சிக்கல் தருவதில்லை. 10 மி.மீ. என்றால் உள்ளும் புறமும் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் நீங்கள் தோற்றத்துக்காகக் காரின் டிசைனையே மாற்றுகிறீர்கள் என்று பொருள். அகலமும் சேர்ந்து மாறினால், மேலே போட்ட உள்ளே-வெளியே கணக்கு மட்டும்தான் உண்மையைச் சொல்லும்.

எளிதான வழி ஒன்று உண்டு. உங்கள் மாடலின் டாப் வேரியன்ட்டில் கம்பெனியே பெரிய அலாய் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் விட்டம், அகலம், ஆஃப்செட், டயர் அளவு நான்கையும் அப்படியே பின்பற்றுங்கள். டிசைன் மட்டும் உங்கள் விருப்பம்.

ஸ்பேஸர் போட்டா போதாதா?

ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் வட்டத் தகடுதான் ஸ்பேஸர். ஆஃப்செட் அதிகமான வீலை வெளியே கொண்டுவர இதைப் போடுவார்கள். கணக்கு நேரடியானது: ஈடி45 வீலுக்கு 10 மி.மீ. ஸ்பேஸர் வைத்தால் அது ஈடி35 வீல் மாதிரிதான். பேரிங், ஸ்டீயரிங் விளைவுகளும் அதேதான்.

கூடுதலாக ஒரு ஆபத்தும் சேரும். 10 மி.மீ. தகடு நடுவில் வந்தால், நட்டு போல்ட்டின் மேல் பிடித்து நிற்கும் மரையில் 10 மி.மீ. குறையும். நீளமான போல்ட் மாற்றாமல் ஸ்பேஸர் மட்டும் வைத்தால், நட்டு நான்கைந்து சுற்றிலேயே நின்றுவிடலாம். ஓடும்போது வீல் கழன்று போவதற்கு இதைவிட நேரான வழி இல்லை. வாஷரை அடுக்கி ஸ்பேஸராக்கும் கடைகளிலிருந்து உடனே வண்டியை எடுத்துவிடுங்கள்.

ஆஃப்செட் சரி, மற்ற எண்கள்?

பிசிடி துல்லியமாகச் சேர வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 5×100, ஸ்கோடா ஆக்டேவியாவுக்கு 5×112, ஹூண்டாய் க்ரெட்டாவுக்கு 5×114.3. 112-க்கும் 114.3-க்கும் இடையே 2.3 மி.மீ. மட்டுமே; இழுத்துப் பிடித்து முறுக்கினால் மாட்டியது போலவே தெரியும். ஃபியட் புன்டோவின் 4×98 ஹப்பில் 4×100 வீலை மாட்டுவதும் இதே கதைதான். போல்ட் எல்லாம் வளைந்த நிலையில் இறுகும். அது நட்டு தளர்வதிலோ போல்ட் முறிவதிலோ முடியலாம்.

சென்டர் போரைப் பலரும் கேட்பதே இல்லை. வீலின் நடு ஓட்டை ஹப்பின் நடுவில் இறுக்கமாக உட்கார வேண்டும். வெளியே விற்கும் வீல்களில் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று இந்த ஓட்டையைப் பெரிதாக வைப்பார்கள். அப்படிப்பட்ட வீலுக்கு ஹப் ரிங் என்ற வளையம் போட்டு இடைவெளியை அடைக்க வேண்டும். போடாவிட்டால் வீல் மயிரிழை விலகி உட்கார்ந்து, 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாத நடுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து நட்டு. ஹோண்டாவின் கம்பெனி வீல்களுக்கு அடிப்பகுதி உருண்டையான நட்டு வரும். வெளியே வாங்கும் அலாய் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டு கேட்கும். மாற்றிப் போட்டால் நட்டு முழுப் பரப்பிலும் பதியாமல் ஒரு வரியில் மட்டும் பிடிக்கும். பழைய நட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டிக்கியில் வையுங்கள். நடுவழியில் பஞ்சராகி பழைய ஸ்டெப்னியை மாட்டும்போது அவைதான் வேண்டும்.

சட்டமும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்கின்றன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க முடியும்.

இதனால் அலாய் மாற்றியவர்கள் எல்லோரும் பயப்பட வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆனால் கம்பெனி அளவுகளை ஒட்டி இருக்கும் வீலுக்கும், மட்கார்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியே நிற்கும் வீலுக்கும் சாலையில் கிடைக்கும் வரவேற்பு ஒன்றாக இருக்காது.

புது வீல் போட்டதும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம். தெரிவிக்காமல் விட்டு, விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து பார்த்தால் கிளெய்மில் சிக்கல் வரலாம். வாரன்ட்டியிலும் அப்படித்தான், வீலை மாற்றிய காரில் பேரிங்கோ சஸ்பென்ஷனோ போனால், காரணம் அந்த வீல்தான் என்று சர்வீஸ் சென்டர் சொல்ல இடம் கிடைத்துவிடும்.

கடைக்குப் போகும்முன் இதை மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள்

1. இப்போதைய வீலின் விட்டம், அகலம், ஆஃப்செட், பிசிடி, சென்டர் போர். ஓனர்ஸ் மேனுவலில் கிடைக்காவிட்டால், ஒரு வீலைக் கழற்றி பின்பக்கத்தைப் போட்டோ எடுங்கள்.
2. புது வீலின் அதே ஐந்து எண்கள். கடைக்காரர் வாயால் சொல்வது போதாது, வீலில் பதிந்திருப்பதைப் பாருங்கள்.
3. உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்ற கணக்கு. ரிம்முக்கு ஒரு முறை, டயருக்கு ஒரு முறை.
4. வீல் தாங்கும் எடை. அதை இரண்டால் பெருக்கினால் உங்கள் காரின் ஒரு ஆக்ஸிலுக்கான அதிகபட்ச எடையைவிடக் குறையக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையோ, ஜப்பானின் ஜேடபிள்யூஎல் முத்திரையோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.
5. டயர் ஏற்றும் முன் வெறும் வீலை முன்பக்கம் ஒரு முறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்போக் பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்பதை ஆஃப்செட் எண் சொல்லாது.
6. டயர் ஏற்றியதும் இரண்டு பக்கமும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடியுங்கள். பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பிறகு பணம் கொடுங்கள்.
7. மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ.-க்குள் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, மேனுவலில் சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்கிச் சரிபாருங்கள்.

ஏற்கெனவே அலாய் மாற்றியவரா நீங்கள்? இந்த வார இறுதியில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு நான்கு டயர்களின் உள்பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். வட்டமாகப் பளபளவென்று ஒரு கோடு தெரிந்தால் அங்கே ஏதோ உரசுகிறது. அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.